அடுக்கு மரத்தில் செய்த துப்பாக்கிக் கட்டை: கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் சிறு பண்ணைகளிலும் காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காக உரிமம் பெற்ற மடக்குத் துப்பாக்கி, அதாவது இங்கு எல்லோரும் செனாப்பாங் பாத்தா என்று சொல்வது, வைத்திருப்போர் சிலர் இருக்கின்றனர். குறிசுடும் மன்றத்தில் ரைஃபிள் சுடுவோரும் ஓரிருவர் உண்டு. நாற்காலி, மேசை, கதவு, கோயில் பல்லக்குத் தண்டு ஆகியவற்றைச் செய்யும் என் பட்டறைக்கு இவர்களுடைய துப்பாக்கிக் கட்டைகள், அதாவது இரும்பைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பகுதிகள், பழுதாகி வருவது வழக்கம். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கு மரமாக்கி, அதிலிருந்து கட்டை செதுக்கும் முறையை நான் பின்பற்றுகிறேன். வீட்டிலேயே அவ்வாறு செய்து பார்த்தவர்களின் கட்டைகளும் என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகளையே இங்கு அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியை மட்டுமன்றி அதன் உறுப்புகளையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. 1948 ஜூன் 16 அன்று இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணமான ஊர் இது. ஆதலால் இங்குள்ள பெரியவர்கள் துப்பாக்கிப் பேச்சை இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். என் வழக்கம் இதுதான். உரிமையாளர் முதலில் ஈப்போவில் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் போக வேண்டும். காவல் துறையின் அனுமதி வேண்டுமா என்பதை அவர் வழியாகவே கேட்டுத் தெளிய வேண்டும். குழலையும் விசைப்பகுதியையும் அவர் கழற்றி வைத்துக்கொண்டு, வெறும் மரத்தை மட்டும் எழுத்து மூலமான குறிப்போடு எனக்கு அனுப்ப வேண்டும். இரும்பு பொருந்தும் குழிகளை நான் தோண்டுவதில்லை. அது அவருடைய வேலை. இந்த ஒழுங்கை ஏற்காதவரிடம் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி 1: ஒட்டுக்கோடு வாய் பிளந்திருக்கிறது

நான் காணும் கட்டைகளில் மிகுதியானவை இந்தக் குறையோடுதான் வருகின்றன. ஆகவே முதலில் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சவரத் தகட்டின் முனையைக் கோட்டுக்குள் மெல்லச் செலுத்தி, அது நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தால் படம் தெளிவாகிவிடும்.

ஓரத்தில் மட்டும், விரல் நீளத்துக்குள் திறந்திருந்தால்

கிளாம்ப்பை நடுவில் இறுக்கி ஓரத்தை மறந்திருப்பார்கள், அல்லது இழைப்புளி பலகையின் கடைசியில் சற்று ஆழமாக இறங்கி அந்த முனையைத் தாழ்த்தியிருக்கும். எளிய குறை இது. இரு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் எப்பாக்ஸிப் பசையில் எளிதில் ஓடும் வகையைத் தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டில் சற்று இளக்கி, கோட்டின் மேல் பக்கத்திலிருந்து இறங்கவிட்டு, மறுபக்கம் கசியும்வரை காத்திருந்து, மிதமாக இறுக்கி ஒரு நாள் விட்டால் போதும். கோட்டுக்குள் எண்ணெயோ மெழுகோ இறங்கியிருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது என்பதால், மேற்பூச்சு அடித்த கட்டையில் இது வெற்றி பெறும் என்று நான் உறுதி கொடுப்பதில்லை.

கோடு நெடுகத் திறந்திருந்தால், பிரிந்த முகங்கள் பளபளப்பாக இருந்தால்

பிரிந்த இடத்தில் மரநார் கிழிந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, மரம்தான் தோற்றது என்று பொருள். இரு முகங்களும் கண்ணாடிபோல் மின்னினால், பலகைகளைச் சேர்ப்பதற்கு முன்பே பசை தோல் கட்டிவிட்டது. வெள்ளைத் தச்சுப் பசைக்குப் பூசிய பின் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் அதுவும் குறையும். ஒன்பது பலகைகளுக்கு ஒருவரே நிதானமாகப் பசை தடவிக்கொண்டிருந்தால், கடைசிப் பலகை வரும்போது முதல் பலகை காய்ந்திருக்கும்.

முகங்களில் பசையே காணாவிட்டால்

இங்கு ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். கடின மரத்தில் வெள்ளைப் பசை முழு வலுவோடு பிடிக்க, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 12 முதல் 17 கிலோ வரை அழுத்தம் தேவைப்படுகிறது. 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கட்டைக்கு 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு என்றால், குறைந்த அளவிலேயே ஏழு டன்னுக்கு மேல் வருகிறது. நல்ல கிளாம்ப் ஒன்று சில நூறு கிலோ மட்டுமே தரும் என்பதால், நான்கு கிளாம்ப்பை வைத்து முடித்துவிட்டவருடைய கட்டை பிளப்பதில் வியப்பில்லை. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் முடித்தேன், அது பிளந்தபோதுதான் கணக்குப் போட்டேன். அழுத்துபொறி இல்லாத வீட்டுப் பட்டறைக்கு எப்பாக்ஸியே பொருத்தம், ஏனெனில் பலகைகள் முழுதும் தொட்டுக்கொண்டால் அதற்குப் போதும். ஆனால் எப்பாக்ஸியைப் போட்டுவிட்டு முழு வலிமையோடு கிளாம்ப்பை முறுக்கினால் பசை அனைத்தும் வெளியே பிதுங்கிவிடும், முகங்கள் வறண்டு நிற்கும். ஒன்றுக்குக் குறைந்த அழுத்தம் பகை, மற்றதற்கு மிகுந்த அழுத்தம் பகை. எப்பாக்ஸிக்கு 80 எண் உப்புத்தாளால் முகங்களைச் சற்றுச் சொரசொரப்பாக்குவதும், கலவையைக் கண்ணளவில் அல்லாமல் தராசில் நிறுத்துக் கலப்பதும் கட்டாயம்.

எந்த மரம் என்று பாருங்கள்

ரப்பர் மரத்தில் பசை இணக்கமாகப் பிடிக்கிறது. கெருயிங் மரம் பிசின் நிறைந்தது. செங்கால் மரம் மிகவும் கனமும் அடர்த்தியும் கொண்டது. தேக்கு எண்ணெய்த் தன்மை உடையது. பின்னால் சொன்ன மூன்றையும் ஒட்டுவதற்குச் சற்று முன்பாகவே அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதியாமல் பசையிட வேண்டும். நேற்று இழைத்துவைத்த தேக்கில் எண்ணெய் இன்று மீண்டும் மேலே வந்திருக்கும்.

பலகையில் ஈரம் இருந்ததா?

கூரைக்குக் கீழே நம் ஊர்க் காற்றில் நெடுநாள் கிடந்த மரம் 14 முதல் 16 விழுக்காட்டு ஈரத்தில் நிலைகொள்கிறது. குளிர்சாதன அறையில் வைத்தால் அதற்கும் கீழே இறங்கி மரம் சுருங்கும். சூளையில் உலர்த்தியது என்று விற்கப்பட்ட பலகைக்கட்டு ஒன்று எனக்குச் சொட்டச் சொட்ட ஈரத்தோடு வந்து, மூன்று கட்டைகளை வீணாக்கியது. அதன் பிறகு விற்பவர் சொல்லை நான் ஏற்பதில்லை. ஈரமானி இல்லாவிட்டால், பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டை அறுத்து உடனே நிறுத்துக் குறித்துக்கொண்டு, அடுப்புச் சூளையில் 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 115 கிராம் 100 கிராமாக இறங்கினால் ஈரம் 15 விழுக்காடு. ஒட்டும் பலகைகள் யாவும் ஒன்றுக்கொன்று இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும் என்பது என் அளவு.

கட்டை காரில் இருந்ததா?

இதை நான் கேட்டால் பலர் சிரிக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி எவ்வளவு சூடாகும் என்பது கை வைத்துப் பார்த்தவர்க்குத் தெரியும். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். வெள்ளைப் பசையும் சூட்டில் நெகிழ்ந்து நழுவும். கோடு பிளக்கவில்லை, அடுக்குகள் படிக்கட்டுபோல் மெல்லிய அளவில் நகர்ந்திருக்கின்றன என்றால் பெரும்பாலும் இதுவே காரணம்.

பாதிக்கு மேல் நீளம் திறந்த கட்டையை நான் மறுபடி ஒட்டுவதில்லை. ஒரு பெரியவர், "தம்பி, உள்ளே பசையை ஊத்தி ஒட்டிக் கொடு, அது போதும், எனக்குப் பன்றி விரட்டத்தானே" என்றார். "ஐயா, இது உங்க கன்னத்துல பட்டுக்கிட்டு வெடிக்கிற சாமான்" என்று மட்டும் சொல்லி, புதிதாகச் செய்ய நேரம் கேட்டேன்.

அறிகுறி 2: கட்டை முறுக்கிக்கொள்கிறது அல்லது வளைகிறது

இரண்டு நேரான குச்சிகளைக் கட்டையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒன்றின் மேல்விளிம்பை மற்றதோடு ஒரே கண்ணால் பொருத்திப் பாருங்கள். இணையாக நின்றால் முறுக்கு இல்லை, வளைவு மட்டுமே.

ஒட்டிய மறுநாளே இழைத்திருந்தால், நீர் கலந்த பசையின் ஈரம் ஒட்டுக்கோட்டை ஒட்டிய மரத்தை ஊதச் செய்திருக்கும். அந்த நிலையில் தட்டையாக்கினால், ஈரம் போன பிறகு கோடுகளின் மேல் பள்ளம் விழும். இதற்கு மருந்து காத்திருத்தல் மட்டுமே. இரண்டு வாரம் நிழலில், அடியில் குச்சி கொடுத்து எல்லாப் பக்கமும் காற்றுப்படக் கிடத்தி, பின்பு மீண்டும் அளந்து பாருங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் பகல் வெயிலும் பிற்பகல் மழையும் மாறி மாறி இழுத்துவிடும்.

காத்த பின்னும் முறுக்கு நிற்குமானால் அடுக்கை எண்ணுங்கள். நடுப்பலகைக்கு இருபுறமும் ஒரே மரம், ஒரே தடிமன், ஒரே வெட்டு என்று சமமாக இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகை ஒன்பதை ஒட்டினால் 54 மில்லிமீட்டர் கிடைக்கிறது, இழைத்து முடிக்கையில் 50 அருகே வரும். வலப்புறம் ஒரு பலகை நியாத்தோ மரமாகவும் அதற்கு எதிரே இடப்புறம் ரப்பர் மரமாகவும் இருந்தால், மழைக்காலத்தில் ஒருபுறம் அதிகம் ஊதும், கட்டை அந்தப் பக்கமாகப் புடைக்கும். நிற அழகுக்காக நடுவில் வேறு மரம் வைப்பதில் பிழையில்லை. ஓரங்களில் வைப்பதுதான் வம்பு. முறுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து, செதுக்குவதற்கு மரம் மிஞ்சியிருந்தால் இழைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் அந்த மரத்தை வேறு வேலைக்கு வைத்துவிடுங்கள். நான் கத்திப் பிடிகளும் கரண்டிப் பிடிகளும் செய்கிறேன்.

அறிகுறி 3: மாவு கொட்டுகிறது அல்லது நீலக்கறை தெரிகிறது

தோட்டத்து மரம் என்றாலே இங்கு ரப்பர் மரம்தான். பால் வெட்டிய மரத்தை 25, 30 ஆண்டுகளில் மறுநடவுக்காக வெட்டும்போது கட்டைகள் மலிவாகக் கிடைக்கும், அதனால் வீட்டில் அடுக்கு ஒட்டுவோர் முதலில் தேடுவது அதையே. அதன் உடம்பில் மாச்சத்தும் சர்க்கரையும் நிறைந்திருப்பதால் பூஞ்சையும் துளைவண்டும் அதை விடுவதில்லை. அறுத்த சில நாட்களுக்குள் போரான் உப்பு மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையே தகுதியானது. லயத்து வீட்டுக்குப் பின்னால் கிடந்த கட்டையை அறுத்து ஒட்டியவர்கள் சில மாதங்கள் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

நீலம் அல்லது சாம்பல் நிறக் கறை மட்டும் இருந்தால், அது பூஞ்சை விட்டுச்சென்ற நிறம். மரத்தின் வலிமையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் மரம் காலத்தில் உலர்த்தப்படவில்லை என்பதற்குச் சாட்சி. அடர்நிறச் சாயம் பூசி மறைக்கலாம்.

ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகளும் பவுடர்போன்ற மாவும் இருந்தால், கட்டையைத் தட்டித் துடைத்துக் கறுப்புத் தாளின் மேல் ஒரு வாரம் வையுங்கள். புது மாவு விழாவிட்டால் பழைய கதை. விழுந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. மேலே மருந்து தடவுவது புதிதாக முட்டையிடுவதைத் தடுக்கும்; உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. சூட்டில் வைத்துக் கொல்லலாம் என்றால், மேலே சொன்னபடி அந்தச் சூடு பசையை இளக்கும். ஆகவே குளிர்தான் வழி. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் சுற்றி, சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி காட்டும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின்பும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறைச்சூட்டில் விட வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் மரக்கட்டை கிடப்பதை வீட்டார் ஏற்றுக்கொள்வது தனிப் பேச்சு. துளைகள் பிடிக் கழுத்தில், அதாவது விரல்கள் சுற்றிப் பிடிக்கும் மெல்லிய இடத்தில், மூன்றுக்கு மேல் இருந்தால் நான் வைத்துக்கொள்வதில்லை.

அறிகுறி 4: தேய்க்கும்போது அடுக்குகள் மேடு பள்ளமாகின்றன

உப்புத்தாளை விரலில் வைத்துத் தேய்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். மென்மையான அடுக்கு விரைவில் தேய்ந்து, கடினமானது மேடாக நிற்கும். தாளை மரக்கட்டைத் துண்டில் சுற்றித் தேயுங்கள், வளைவுகளுக்கு ரப்பர்த் துண்டு. அரத்தில் பசை அப்பிக்கொண்டு அறுக்காமல் வழுக்கினால் பசை இன்னும் இறுகவில்லை. ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 5: பிடிக் கழுத்தில் விரிசல்

இந்த அறிகுறி கண்டால் சரிசெய்வதற்கு முன் நிறுத்துவதே முதல் வேலை. உரிமையாளர் அந்தத் துப்பாக்கியால் மறுபடி சுடாமல் வணிகரிடம் கொண்டுபோக வேண்டும்.

விரிசலா, கீறலா என்று ஐயம் இருந்தால், ஸ்பிரிட் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்துக் காத்திருங்கள். சுற்றுமுள்ள மரம் காய்ந்து வெளிறிய பிறகும் ஒரு கோடு மட்டும் கருமையாக நின்றால், ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது, அது விரிசல். கட்டையை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வரும்போது கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மட்டமாக மாறினாலும் அதே பொருள்.

விரிசல் மரரேகையை, அதாவது மரநார் ஓடும் திசையை, வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடினால், பலகையைத் தேர்ந்த நாளிலேயே பிழை நடந்துவிட்டது. அடுக்கு மரம் என்றாலே உறுதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானிய மௌசர் ரைஃபிள்களுக்கு பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒட்டிக் கட்டை செய்தார்கள் என்பதைச் சுட்டிக்காட்டுவோரும் உண்டு. அந்த அடுக்குகளில் ரேகைகள் கட்டையின் நீளத்தோடு ஓடின. ஒட்டுப்பலகையில் இருப்பதுபோல் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காக அடுக்கினால், பாதி அடுக்குகள் கழுத்தில் பிஸ்கட்போல் குறுக்கே முறியும். எனவே கடையில் வாங்கிய ஒட்டுப்பலகையிலிருந்து கட்டை செதுக்குவதை முற்றிலும் விலக்குங்கள். ரேகை கழுத்தின் வளைவோடு இயன்றவரை சேர்ந்து ஓடும்படி, ஒட்டுவதற்கு முன்பே அட்டையில் கட்டையின் உருவை வெட்டிப் பலகைமேல் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். இந்த அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தியவர்களே பின்பு விரிசலோடு வருகிறார்கள்.

விரிசல் இரும்பின் பின்முனையிலிருந்து ரேகையோடு நேராகப் பின்னோக்கி ஓடினால், பெரும்பாலும் பொருத்தம்தான் பிழை. ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் உதைக்கிறது. அந்த உதை தாங்குவதற்கென உள்ள அகன்ற முகத்தில் சமமாகப் பரவாமல் ஒடுங்கிய பின்முனையில் மட்டும் விழுந்தால், அது மரத்தை ஆப்புபோல் பிளக்கும். பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விடுவது அதற்காகவே. இது வெளியிலிருந்து தெரியாது, தச்சர் ஊகிக்கவும் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர்தான் கரி பூசி, எங்கே தொடுகிறது எங்கே தொடவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய விரிசலை ஒட்டித் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வெடியில் அதே இடம் திறக்கும்.

கழுத்து விரிசலுக்குப் பித்தளைத் தகடு சுற்றிக் கட்டுவது, திருகாணி இறக்குவது போன்ற வைத்தியங்கள் தோட்டப்புறங்களில் உண்டு. காட்சிக்காகச் சுவரில் தொங்குவதற்கு அது போதும்.

அறிகுறி 6: மேற்பூச்சு காயவில்லை, பிசுபிசுக்கிறது, வெளுக்கிறது

எண்ணெய்ப் பூச்சு பிசுபிசுத்தால் தடித்துப் பூசியிருக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெயும் துங் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து இறுகுபவை. மழைநாளில் இன்னும் மெதுவாக இறுகும். டர்பெண்டைன் நனைத்த துணியால் பிசுபிசுப்பைத் துடைத்தெடுத்து, அடுத்த பூச்சைக் கையில் தேய்த்த அளவே மெல்லிதாகப் பூசுங்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு முழு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள். எண்ணெய் நனைந்த துணிகளை உருட்டிக் குப்பையில் போடக்கூடாது, அவை தாமே சூடேறித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள்.

தெளிப்பு அரக்குப் பூச்சு பால்போல் வெளுத்தால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டது. பெரும்பாலும் மறுநாள் வெயில் ஏறிய பிறகு, அதற்குரிய மெல்லிய கரைப்பானை ஒரு கை தெளித்தால் தெளிந்துவிடும். மழை தூறும் மாலையில் தெளிக்காதீர்கள்.

எப்பாக்ஸி முத்திரைப் பூச்சின் மேல் மெழுகுபோன்ற படலம் வந்திருந்தால், ஈரக்காற்றில் இறுகும்போது வெளிவந்த படலம் அது. தண்ணீரால் கழுவி, துடைத்து, உலர்ந்த பின் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு பூசுங்கள். கழுவாமல் மேலே பூசினால் பூச்சு உரியும்.

தோளில் பதியும் முனையிலும் குழிகளுக்குள்ளும் பூச்சு இல்லை என்றால், மற்ற இடத்தில் எத்தனை பூச்சு இருந்தும் பயனில்லை. மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும். அங்கே முதலில் பூசிவிட்டுப் பின்பே பக்கங்களுக்கு வாருங்கள்.

அறிகுறி 7: குறி வாரத்துக்கு வாரம் இடம் மாறுகிறது

இதைச் சொல்லி வருவோர் மன்றத்தில் ரைஃபிள் சுடுவோர். சோதனை எல்லாவற்றையும் மன்றத்திலோ வணிகர் கடையிலோ, துப்பாக்கி வெறுமையாக உள்ளது என்று பொறுப்பாளர் உறுதிசெய்த பிறகே நடத்த வேண்டும்.

முதலில், கட்டையை இரும்போடு இணைக்கும் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும். அடுத்து, குழல் மரத்தைத் தொடாமல் நிற்கும்படி செய்த கட்டையானால், குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துக் குழல்நெடுக இழுத்துப் பாருங்கள். தாள் மாட்டும் இடத்தில் மரம் ஊதிக் குழலைத் தொடுகிறது. அந்த இடத்தைக் குறித்து மரத்தை மட்டும் எனக்கு அனுப்பினால், மெல்லச் சுரண்டி அந்த முகத்துக்கும் பூச்சு பூசிக் கொடுக்கிறேன். தாள் தடையின்றி ஓடியும் குறி மாறினால், கோளாறு மரத்தில் இல்லை. அப்போது என்னிடம் வருவதால் பயனில்லை, வணிகரே விசைப்பகுதியையும் குறிபார்க்கும் கண்ணாடியையும் சோதிக்க வேண்டும்.